சீனத்தாளுக்குச் சக்கரம் கொணர்ந்த படலம்

இரும்புக்கெல்லாம் இறைவனாகிய ஓகூன் பெருமானே, உலைக்களத்து நெருப்பில் குளிர்காய்கின்றவனே, சுருட்டும் கரும்புச் சாராயமும் படைத்தவர் எவராயினும் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, அவர் கேட்ட வரத்தை மட்டும் மறந்துவிடும் மாண்புடையவனே, இக்கதை சொல்லும் நாவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவாயாக. நான் பாடப் புகுந்தது துருவைப் பற்றி. நாவும் துருவேறினால் கதை நகராது.

வாழிய எவாரிஸ்தோ. கார்தெனாஸ் மாநகரின் கயிற்றாலைக் காவற்கோமான் வாழிய. கற்றாழை நார்ப்பொதிகளை எலிப்பெரும்படை அணுகாவண்ணம் இரவெல்லாம் கண்துஞ்சாது காப்பவன்; துஞ்சினாலும் எலிகளுக்குத் தெரியாமல் துஞ்சுபவன். முன்னே தொப்பையாலும் பின்னே பிடிவாதத்தாலும் சமநிலை எய்தியவன். நண்டுச் சிலைச் சதுக்கத்து வேப்ப நிழலொத்த வாதுமை நிழலில் அமர்ந்து டோமினோக் காயை மேசைமேல் அவன் ஓங்கி அறைந்தால், மூன்று தெருவுக்கப்பால் அடைகாக்கும் கோழி எழுந்து நின்று யோசிக்கும் என்பர். அந்த ஆட்டங்களில் அவன் பெரும்பாலும் தோற்றான் என்பது உண்மையே; ஆயின் அறைவதில் அவனை வென்றவர் இலர்.

இவ்வீரனின் ஊர்தியாகிய சீனத்தாளும் வாழிய. பெட்ரோல் என்னும் அமுதம் எங்கள் தீவைவிட்டு மறைந்தோடிய பஞ்சகாலத்தில், சீனத்தினின்று கடல் கடந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய கரிய சைக்கிள் சேனையில் அவள் ஒருத்தி. தூக்கினால் இடுப்பைக் கேட்பாள், மிதித்தால் தொடையைக் கேட்பாள், நிறுத்திவைத்தால் சுவரைக் கேட்பாள். கேபிள் என்னும் மெல்லிய நரம்பு அவள் உடலில் கிடையாது. கைப்பிடியினின்று சக்கரம்வரை எலும்புபோல் இறங்கும் இருப்புக் கம்பிகளே அவளுக்கு பிரேக். பிடியை நெரித்தால் அக்கம்பிகள் இரண்டு ரப்பர்க் கட்டைகளை மேல்நோக்கி இழுத்து, ரிம்மின் உள்விளிம்பைக் கவ்வி, ஊரையே எழுப்பும் ஓலத்தோடு உலகை நிறுத்தும்.

அவளுடைய கேரியரோ வெறும் கேரியர் அன்று, அது அரியணை. ஞாயிறுதோறும் எவாரிஸ்தோவின் மனைவி சொராய்தா, கஞ்சிபோட்ட பூப்போட்ட கவுனும் மடியில் ஒரு பலகாரமுமாக, அதன்மேல் ஒருபக்கமாகக் காலிட்டு அமர்ந்து, லா மரினா என்னும் கடலோரப் பேட்டையில் வாழும் அக்காள் ஒந்தினாவின் வீட்டுக்கு எழுந்தருள்வாள். தெருவே வாசலில் நாற்காலி போட்டு அப்பவனியைக் காணும். பஞ்சகாலத்தில் இருவர் அவள் கையை வேண்டி நின்றபோது, நடனம் அறிந்தவனைத் தள்ளி எவாரிஸ்தோவை அவள் ஏற்றதற்குக் காரணம் கேட்டவர்க்கெல்லாம் அவள் கூறிய விடை ஒன்றே: "அவன்கிட்ட சைக்கிள் இருந்துச்சு." ஆகவே அன்பர்களே, அந்தக் கேரியரில் என்ன அமர்ந்திருந்தது என்பதை உணர்க. ஒரு மணவாழ்வின் அடிப்படைச் சட்டமே அமர்ந்திருந்தது.

விதி பள்ளத்தின் வடிவில் வந்தது. ரொட்டிக்கடைக்கும் குதிரைவண்டி நிற்குமிடத்துக்கும் நடுவே, முந்தின நாள் மழையை நிறையக் குடித்து, ஒன்றுமறியாத குட்டைபோல் வானத்தைப் பிரதிபலித்துக் கிடந்தது அந்த வஞ்சகப் பாதாளம். சீனத்தாள் அதில் முன்னங்காலை வைத்தாள். வைத்த கால் எட்டு என்னும் எண்ணின் வடிவெய்தியது. பின்னங்கால் ஆரக்கம்பிகள் நாற்புறமும் சிதற, பிளந்த ரிம்மோடு வாய்விட்டு அழுதது. எவாரிஸ்தோ நீரில் விழுந்தான். சொராய்தாவோ, பூனைகளுக்கும் பெருமாட்டிகளுக்கும் மட்டுமே கைவந்த வித்தையால், நின்றபடியே தரையிறங்கினாள். முட்டையும் சர்க்கரைப் பாகும் கலந்து அவள் அவித்தெடுத்த ஃப்ளான் மட்டும் வீரமரணம் அடைந்தது.

அந்நேரம் பார்த்து, ஓசையின்றி, புகையின்றி, கிளிப்பச்சை நிற மின்சார ஸ்கூட்டர்மேல் வந்து நின்றான் ரிகோபெர்த்தோ. மனைவியை இழந்தவன், மீசைக்கு மை பூசுபவன், காற்றுக்கு எதிர்த்திசையிலும் மணம் வீசும் சென்ட் குளத்தில் நாளும் மூழ்கியெழுபவன். பஞ்சகாலத்தில் தள்ளப்பட்ட நடனக்காரன் இவனே.

"அடடா, சொராய்தா. எங்கயாச்சும் அடிபட்டுச்சா?"

"ஃப்ளானுக்குத்தான்."

"அடுத்த ஞாயிறு ஒந்தினாவுக்குப் பொறந்தநாளாமே. நம்ம வண்டி சும்மாதான் நிக்குது. பின்னாடி மெத்தை சீட்டு போட்டிருக்கேன்."

குட்டையில் அமர்ந்திருந்த கணவனை அவள் பார்த்தாள். மெத்தை சீட்டையும் பார்த்தாள்.

"பாக்கலாம்," என்றாள்.

வேல் பாய்ந்த மார்பு ஆறும். வாள் பாய்ந்த தோள் ஆறும். 'பாக்கலாம்' பாய்ந்த நெஞ்சுக்கு மருந்தில்லை. குட்டையினின்று எழுந்தான் எவாரிஸ்தோ. தலையில் ஒரு வாழைப்பழத்தோல் கிரீடமெனத் தங்க, வலக்கையை உயர்த்தி, தெருவதிர இவ்வாறு சூளுரைத்தான்:

"கார்தெனாஸ் குடிகளே, கேண்மின். குதிரைகளே, நீரும் கேண்மின். வரும் ஞாயிறன்று கதிரவன் எழுமுன் சீனத்தாளுக்கு இரு சக்கரம் கொணர்வேன். கொணரும்வரை டோமினோக் காயைக் கையாலும் தொடேன்."

குதிரையொன்று செருமியது. சொராய்தா கவுனின் நீரைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அப்படின்னா அவசரப்படாமத் தேடு. கொஞ்ச நாள் வீட்டுக்கு நேரத்தோட வருவே."

ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டுத் திங்களன்று காலை புறப்பட்டான் வீரன். எங்கள் ஊரில் செய்தித்தாளைக் காட்டிலும் விரைவானது வாய் வானொலி. இரும்புச் சாமான் கடைக்கு ஏதோ 'வட்டமான சரக்கு' வந்திறங்கியிருக்கிறதென்று அது முழங்கிற்று. வட்டமென்றால் ரிம்மன்றி வேறென்ன என்று கருதி, தொப்பை முன்செல்லத் தான் பின்சென்று கடைவாசல் சேர்ந்தான். அங்கே வரிசை இருந்தது. வரிசை என்றதும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிநிற்கும் எறும்புச்சாரையை எண்ணற்க. எங்கள் வரிசை கண்ணுக்குத் தெரியாது. கடைசி யாரென்று கேட்டு, அவருக்குப் பின் நான் என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு, மர நிழலிலோ மச்சினி வீட்டிலோ போய் அமரலாம். வேதங்களைப் போல அது வாய்வழியாகவே வாழ்கிறது.

"கடைசி யாரு?" என்று இடியென இரைந்தான் எவாரிஸ்தோ.

"நாந்தான், கண்ணு," என்றாள் மஞ்சள் குடை பிடித்த ஒருத்தி. "எனக்கு முன்னாடி அந்தப் பல்லு போன ராணுவக்காரர். அவருக்கு முன்னாடி அவரு மச்சினி. அவ சோறு வடிக்கப் போயிருக்கா, வந்துருவா."

முன்னவரையும் கேட்டான், முன்னவரின் முன்னவரையும் கேட்டான். வரிசை நூல் கற்றவன் கேட்கவேண்டிய யாவும் கேட்டான். ஒன்றை மட்டும் கேட்டானில்லை. கேட்பது எங்கள் ஊரில் வழக்கமுமில்லை. வரிசை கண்டால் சேர்வதே பண்பு. எதற்கென்று வினவுவது வெளியூரார் செயல்.

வெயில் ஏறிற்று. மச்சினி வந்தாள், மஞ்சள் குடை ஒருமுறை காப்பி குடிக்கச் சென்று மீண்டது. அப்போது, 'விடியலிலேயே சொல்லிவைத்தேன்' என்று கூறிக்கொண்டு, மலைபோன்ற ஒருவன் மார்பை முன்தள்ளி வாயிலை நெருங்கினான். சேனை திகைத்தது. ராணுவக்காரர் தம் இல்லாத பற்களைக் கடித்தார். அக்கணம் ஆலை வாயிலில் பழகிய கரங்களை அகல விரித்து, இடுக்கண் வந்த நாட்டின் எல்லைக்கல்லென நடுவில் நின்றான் எவாரிஸ்தோ.

"நீ யாருக்குப் பின்னாடி?"

"அது வந்து... ஒரு தொப்பி போட்ட ஆளு."

"அந்த ஆளு யாருக்குப் பின்னாடி?"

பரம்பரை சொல்லத் தெரியாதவனுக்கு அரியணை இல்லை. கூட்டம் ஆர்த்தது, பொய் கூறியவன் வால் சுருட்டி அகன்றான், மஞ்சள் குடைக்காரி வெற்றிக் குடையென அதை நம் தலைவன் தலைக்குமேல் பிடித்தாள். இங்ஙனம் குடைநிழலில், புகழ்மாலை தோளில் புரள, கடை மேசையை அணுகினான் காவற்கோமான்.

"எத்தனை, ராசா?" என்றாள் கடைக்காரி.

"ரெண்டு. இருபத்தெட்டு இன்ச்."

"இருபத்தெட்டா? குக்கர் கேஸ்கெட் அவ்வளவு பெருசு வராதேய்யா. யானையவா வேக வைக்கப் போறே?"

மேசைமேல், கைக்கடங்கிய கரிய ரப்பர் வளையங்கள் குன்றெனக் குவிந்து கிடந்தன. அவையும் வட்டமாகத்தான் இருந்தன.

"ரிம் கொடுக்கலையா?" என்று கேட்டபோது வீரன் குரல் வீரன் குரலாக இல்லை.

"ரிம்மு எந்தக் காலத்துலயோ வந்துச்சு. ஆளுக்கு ரெண்டு கேஸ்கெட்டுதான், புடிச்சுக்கிட்டு எடத்தைக் காலி பண்ணு, கண்ணு. பின்னாடி ஆளு நிக்கிது."

போர்க்களத்தில் யானை தேடிச் சென்று பூனை பிடித்து வந்தவன்போல் வீடு திரும்பினான். ஆனால் சொராய்தா அந்த வளையத்தைக் கண்டபோது கண் பனித்தாள். பழைய வளையம் வெடித்ததிலிருந்து அவ்வீட்டில் பீன்ஸ் பயறு வெந்ததே இல்லை.

"நீ கொண்டாந்ததுலயே உருப்படியான சாமான் இதுதான்," என்று கூறி அதை மூடியில் பொருத்தலானாள். இரண்டாவது வளையத்தை எவாரிஸ்தோ மார்போடு அணைத்துக்கொண்டான். ஏனெனில் அவன் சிந்தையில் ஒரு போர்த்தந்திரம் உதித்திருந்தது.

பஞ்சர் ஒட்டும் நெமேசியோவை நாடிச் சென்றது அத்தந்திரம். நெமேசியோ பஞ்சர் ஒட்டுவதோடு, ஓட்டைக்கும் உலக அரசியலுக்கும் உள்ள தொடர்பை விளக்குவதும் உண்டு. முன்னதில் காற்று தங்காது, பின்னதில் காற்றே சரக்கு. அவன் கொட்டகையில், யாரோ ஒரு வெளிநாட்டுப் பயணி விட்டுச்சென்ற இரண்டு அலுமினியச் சக்கரங்கள், பாற்கடலில் பிறந்த இரு நிலவுகள்போல், தொங்கிக்கொண்டிருந்தன. நெமேசியோ தரமறுத்தான். அவன் மனைவி எத்தெல்வினா கேஸ்கெட்டைக் கண்டாள். அதன்பின் அவன் மறுக்கவில்லை.

"சக்கரம்னா உருளணும், மாப்ளே," என்று அச்சைப் பூட்டியபடியே உபதேசித்தான் நெமேசியோ. "இது உருளுது. வேற என்ன வேணும்?"

"நிக்கணும்ல?"

"மொதல்ல போ. நிக்கிறதைப் போயிப் பாத்துக்கலாம்."

ஐயோ, வெள்ளியுடல் கொண்ட அந்நிலவுகளின் அழகென்ன, அடக்கமென்ன, அகத்தே உள்விளிம்பு சிறிதுமில்லாத வழவழப்பென்ன. சீனத்தாளின் சக்கரத்தினும் விரல் அளவு குட்டையாய், சீனத்தாளின் ரப்பர்க் கட்டைகள் எத்தனை எம்பினும் எட்டாத தொலைவில், எட்டினாலும் கவ்வ இடமின்றி, அவை மின்னின. அதை அறியாது, பருத்த உடலைப் பாய்மரமென நிமிர்த்தி, கடற்காற்று முதுகில் அறைய, மிதித்தான் எவாரிஸ்தோ. இத்துணை இலகுவாய் என்றும் ஓடியிராத சீனத்தாள் இளமை திரும்பியவளாய்ப் பறந்தாள். கோழிகள் சிதறின, நாய்கள் துரத்திக் களைத்தன, குதிரைவண்டிக்காரர் இருவர் சிலுவைக்குறி இட்டுக்கொண்டனர். தன் வீட்டு வாயில் தோன்றக் கண்டு, வெற்றித் திருமகனாய் மனைவிமுன் இறங்கவெண்ணிப் பிரேக்கை நெரித்தான், கட்டைகள் எழுந்தன, காற்றைக் கவ்வின, விட்டன.

"எங்க போறே?" என்றாள் வாசலில் நின்ற சொராய்தா.

"தெரியல," என்றான் எவாரிஸ்தோ, கடந்துபோய்க்கொண்டே.

இரண்டாம் வீட்டில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த ரிகோபெர்த்தோ தலை நிமிர்ந்தான். "அப்படியே சாந்தா கிளாரா பட்டணம் வரைக்கும் போனேன்னா, எனக்கு ரெண்டு வெங்காயம் வாங்கியா."

தரையில் ஊன்றிய வலது செருப்பு முதல் முனையிலும், இடது செருப்பு இரண்டாம் முனையிலும் வீழ்ந்தன. மூன்றாம் முனையில் குதிரைகளுக்கென்று குவித்த புல்மேடு தன் பசுங்கரங்களை விரித்து அவனை ஏற்றது. தலைகீழாய்ப் புகுந்த வீரன் எழுந்தபோது, கிழக் குதிரை ஒன்று அவன் வைக்கோல் தொப்பியை அமைதியாக மென்றுகொண்டிருந்தது. சக்கரங்களைத் திருப்பிக் கொண்டுபோய் நெமேசியோமுன் எறிந்து கேஸ்கெட்டைத் திரும்பக் கேட்டான்; அடுப்பில் அதற்குள் சீறிக்கொண்டிருந்த குக்கரை எத்தெல்வினா கரண்டியால் சுட்டிக் காட்டினாள். அதன்பின் அவனும் கேட்கவில்லை.

இனி என்ன சொல்ல. செவ்வாய் அலைந்தான், புதன் அலைந்தான். ஒரு வீட்டில் ரிம் இருந்தது, ஆனால் அதில் அவரையொத்த கொடியொன்று பின்னிப் பிணைந்து காய்த்தும் விட்டது. ஒரு வீட்டில் ரிம்மைத் தொலைக்காட்சிக்கு ஆண்டெனாவாக்கிக் கூரையேற்றியிருந்தார்கள், தொடர்நாடகம் முடியும்வரை இறக்கமுடியாதென்று குடும்பமே கைகூப்பிற்று. வியாழனன்று, காலற்ற சீனத்தாள் சுவரில் சாய்ந்திருக்க, அவள் பக்கத்தில் படியில் அமர்ந்தான். சதுக்கத்திலிருந்து டோமினோக் காய்கள் குலுங்கும் ஒலி காற்றில் வந்தது. கேளாதவன்போல் கேட்டுக்கொண்டிருந்தான்.

வெள்ளியன்று மாலை, தெருவில் ஓர் ஓசை. கிறீச், கிறீச் என்ற தாளத்தோடு, ஊரெல்லாம் திரட்டிய கழனித்தண்ணீர் வாளிகளை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி, தன் பன்றிக்குக் கொண்டுசென்றான் ரிகோபெர்த்தோ. எவாரிஸ்தோவின் பார்வை வாளியில் விழுந்து, வாளியினின்று வண்டிக்கு வழிந்து, வண்டியினின்று கீழிறங்கி, அங்கேயே ஆணியடித்தாற்போல் நின்றது. கறுப்பு. பெரிது. அகத்தே உள்விளிம்பு, இரண்டு ரப்பர்க் கட்டைகள் முத்தமிடவென்றே வளைந்தது. சீனத்து எஃகு. துருகூட அதிகமில்லை. ஆம் அன்பர்களே, ரிகோபெர்த்தோவுக்கும் அக்காலத்தில் ஒரு சீனத்துச் சைக்கிள் கிடைத்தது. எவாரிஸ்தோவுக்குக் கிடைத்ததற்குச் சற்றே பின்னால், திருமணம் முடிந்து தெருவில் தோரணம் வாடிக்கொண்டிருந்த வேளையில். ஏறி ஓட்ட அவன் மனம் ஒப்பவில்லை. பிற்காலத்தில் பன்றி வாங்கியபோது அந்தச் சைக்கிளின் இரு சக்கரங்களுக்கு வேலை கொடுத்தான்.

மானம் என்னும் மலையினின்று மெல்ல இறங்கினான் நம் தலைவன்.

"ரிகோபெர்த்தோ, அந்தச் சக்கரம்..."

"பன்னிக்கு வேணுமே, மச்சான்."

"பன்னி சைக்கிள்லயா போகுது?"

ரிகோபெர்த்தோ மீசையைத் தடவினான்; விரலில் மை ஒட்டிற்று. "சும்மா கேட்டா எப்படி. நாளைக்குச் சதுக்கத்துக்கு வா. நீயும் நானும் ஒத்தைக்கு ஒத்தை டோமினோ. நீ ஜெயிச்சா சக்கரம் ரெண்டும் உனக்கு. நான் ஜெயிச்சா, ஞாயித்துக்கிழமை சொராய்தா என் வண்டியில."

அந்தோ, சூளின் கொடுமையைக் காண்க. சக்கரமின்றிக் காய் தொடேன் என்றவன், காய் தொட்டாலன்றிச் சக்கரமில்லை. முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும் என்பது இதுவே. சொல்லை உண்டால் ஊர் சிரிக்கும். உண்ணாவிடில் ரிகோபெர்த்தோ சிரிப்பான். எவாரிஸ்தோ தலையைச் சொறிந்தான். அப்போது அவன் முதுகுக்குப் பின்னே கதவு திறந்தது. அங்கே, கையில் பீன்ஸ் கிண்டும் கரண்டியோடு, நெற்றியில் ஆவி முத்தென அரும்ப, நின்றாள் சொராய்தா.

"என்னைப் பந்தயம் வைக்கிறீங்க. நான் என்ன கோழியா, பன்னியா?"

இரு வீரரும் ஓரடி பின்வாங்கினர்.

"நானே வரேன்," என்றாள். "நான் ஜெயிச்சா சக்கரம். நீ ஜெயிச்சா வந்து ஏறிக்கிறேன். ஆனா அந்த சென்ட்டைப் போட்டுக்கிட்டு வராதே, ரிகோபெர்த்தோ. தும்மல் வருது."

சனியன்று சதுக்கம் நிறைந்தது. வாதுமை மரத்தின் கீழே நாற்கால் மேசை. அதன்மேல் ஐம்பத்தைந்து வெண்காய்கள், எலும்பாலான சேனையெனக் கவிழ்ந்து கிடந்தன. எதிரெதிரே அமர்ந்தனர் சென்ட் துறந்த ரிகோபெர்த்தோவும், ஏப்ரன்கூடக் கழற்றாத சொராய்தாவும். எவாரிஸ்தோ பின்னே நின்றான். தொட்டுவிடுவோமோ என அஞ்சிக் கைகளைக் கக்கத்தில் திணித்துக்கொண்டான். தொடங்கிற்று சமர். ரிகோபெர்த்தோ நடனக்காரன், காயைச் சுழற்றி, விரலில் ஆடவிட்டு, அலைபோல் இறக்கினான். சொராய்தாவோ மாவு பிசைபவள்போல் ஒவ்வொன்றாய் ஓசையின்றி வைத்தாள். அவளுக்குக் கற்பித்தவர் எவருமிலர். நெடுங்காலமாகச் சதுக்கத்தோரம் துணி தைத்தபடி கணவன் தோற்பதைப் பார்த்தவள் அவள். எந்தக் காயை எப்போது வைத்தால் தோற்கலாம் என்பதை அவளளவு அறிந்தவர் தீவில் இலர். அந்தச் சாத்திரத்தை இன்று தலைகீழாகப் புரட்டினாள். ஒன்பதுகள் ஒவ்வொன்றாய் வெளிவந்து தீர்ந்தன, இரு முனையும் இறுகின, ரிகோபெர்த்தோ ஒருமுறை தட்டினான், 'போடக் காயில்லை' என்று, மறுமுறையும் தட்டினான்.

"ஏன் ராசா, கதவைத் தட்டுற மாதிரி தட்டுறே?" என்றாள் சொராய்தா. "யாரும் தொறக்க மாட்டாங்க."

இறுதிக்காயை அவள் வைத்தாள். அறையவில்லை. வைத்தாள், இரு வழியும் அடைபட்டன. ரிகோபெர்த்தோ கையிலிருந்தவற்றை விரித்துக் காட்டியபோது, புள்ளிகள் நிறைந்த இரட்டை ஒன்பது, பெரிய இரண்டு கண்களோடு, அவனையே பார்த்தது. சதுக்கம் அதிர்ந்தது, பல்லுப்போன ராணுவக்காரர் தொப்பியை எறிந்தார், குதிரைகள் கனைத்தன, கழனித்தண்ணீர் வாளிகளைக் கையில் சுமந்து, மை கலைந்த மீசையோடு, மெல்லத் தெருவேறிச் சென்றான் ரிகோபெர்த்தோ. போகும்போது திரும்பி, "கம்பிக்கு எண்ணெய் விடு, மச்சான். எடது பக்கம் கொஞ்சம் கத்தும்," என்றும் சொன்னான். பகைவனாயினும் பண்புடையவன்.

பின் தொடங்கிற்று பணி. சோப்பும் சாம்பலும் கொண்டு பன்றிவாசம் போக்கினான் எவாரிஸ்தோ. டயர் மாட்டினான், அச்சுப் பூட்டினான், மரையிட்டான். சீனத்தாளைத் தலைகீழாய்க் கவிழ்த்து, அவள்முன் குந்தி, சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றி, ஆரக்கம்பி ஒவ்வொன்றையும் சாவியால் முறுக்கியும் தளர்த்தியும் கோட்டம் எடுத்தான். வளைந்த முதுகு வளைந்தபடியே, காப்பிக்கும் எழாமல், பொழுது சாயும்வரை. நிமிர்த்திப் பிரேக்கை நெரித்தபோது, கட்டைகள் எழுந்து, உள்விளிம்பைக் கண்டு, கவ்வி, பழைய அந்த ஊரெழுப்பும் ஓலத்தை எழுப்பின. வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது:

"சத்தம் கேட்டுச்சு. சரியா வந்துருச்சு."

அவ்வொரு சொல்லுக்காக அவன் இன்னொரு புல்மேட்டிலும் பாய்ந்திருப்பான்.

ஞாயிறும் புலர்ந்தது. தெருவே வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்தது. சீனத்தாள், பகலவன் தேரும் நாணும்படி, எண்ணெய் மினுமினுக்க, இரு கரிய நிலவுகள்மேல் நிமிர்ந்து நின்றாள். கஞ்சிபோட்ட பூங்கவுனில், மடியில் புதிய ஃப்ளான் ஏந்தி, நேற்றைய வெற்றித்திருமகள் வாயில் தாண்டி வந்தாள். சலவைச் சட்டையும் புதுத்தொப்பியும் அணிந்து, ஏழு கடலையும் ஒரே மிதியில் கடக்கவல்லவன்போல் மார்பை விரித்து, அண்டமும் குதிரைகளும் மூச்சடக்கி நோக்க, வலக்காலை வானளாவ உயர்த்தினான் எவாரிஸ்தோ. உயர்த்திய கால் உயர்ந்தபடியே நிற்க, சனியன்று நாள்முழுதும் குந்தியிருந்த இடுப்பு இடிவிழுந்த மரமெனப் பிடித்துக்கொண்டது. தெரு எழுந்தது, ரிகோபெர்த்தோ எழுந்தான், ஓகூன் பெருமானும் சுருட்டை வாயினின்று எடுத்தான். சொராய்தா ஃப்ளானை எவாரிஸ்தோவின் கையில் கொடுத்து, அவனைத் திருப்பி, கேரியரில் உட்காரவைத்து, கவுனை முழங்காலுக்கு மேல் முடிந்துகொண்டாள்.

லா மரினா வரைக்கும் சொராய்தாதான் மிதித்தாள்.